பிப்ரவரி 11: சேலம் சிறைத் துப்பாக்கிச் சூடும் மண்டேலாவின் விடுதலையும் ஒரே தேதியில்

கேள்வி இதுதான்: ஒரே தேதியில், வெவ்வேறு வருடங்களில் நடந்த பெரிய வரலாற்று நிகழ்வுகள் எவை, அவற்றுக்குள் உண்மையிலேயே ஏதாவது தொடர்பு உண்டா, இல்லை எல்லாமே தற்செயல்தானா? பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் "இன்றைய நாள்" வாசிக்கிறார்கள், அதற்காகத்தான் கேட்கிறேன், நம்ம சேலம் பக்கத்து நாள் ஒன்றாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டவர் சேர்த்திருக்கிறார்.

சுருக்கமான பதில்: பெரும்பாலானவை தற்செயல். சில, யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்த தேதிகள். மிகச் சிலவற்றில்தான் ஒரு நிகழ்வுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நிஜமான சரடு ஓடுகிறது. இந்த மூன்றையும் பிரித்துக்கொள்ளாமல் பட்டியல் மட்டும் வாசித்தால் பிள்ளைகள் மனதில் ஒன்றும் நிற்காது. நான் வரலாறு சொல்லித் தருகிறவன், ஊரும் சேலம். அதனால் எங்கெங்கோ சுற்றாமல் ஒரே ஒரு தேதியை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: பிப்ரவரி 11.

இந்தத் தேதியைப் பற்றி எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் 1990இல் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தது முதலில் நிற்கும். நிற்க வேண்டியதுதான். ஆனால் அதற்குச் சரியாக 40 வருடம் முன்பு, 1950 பிப்ரவரி 11, சனிக்கிழமை, சேலம் மத்திய சிறைக்குள் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இது பெரும்பாலான பட்டியல்களில் கிடையாது. சேலத்திலேயே பிறந்து வளர்ந்து, ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் அஸ்தம்பட்டியைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. 1862இலிருந்து இருக்கும் சிறை அது, அதே அஸ்தம்பட்டியில்தான் இருக்கிறது.

நடந்தது என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் நடந்த மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, வந்த சுதந்திரம் உண்மையான சுதந்திரம் இல்லை, ஆயுதம் ஏந்திப் போராட வேண்டும் என்ற பாதைக்குப் போனது, பி.டி. ரணதிவே பொதுச் செயலாளர் ஆனார். அந்தப் பாதை தவறு என்று பின்னால் கட்சியே ஒப்புக்கொண்டு விலகியது, அது வேறு விஷயம். அரசு பதிலுக்குக் கட்சியைத் தடை செய்தது, ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டது. அப்போது, இன்றைய கேரளத்தின் வடபகுதியான மலபார் நம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். கண்ணூர், கோழிக்கோடு எல்லாம் சென்னைக் கோட்டையிலிருந்துதான் ஆளப்பட்டன. அதனால் மலபாரில் பிடிபட்ட விவசாயிகளும் ஆசிரியர்களும் தொண்டர்களும் கண்ணூர்ச் சிறையில் இடம் இல்லாமலோ, ஊரை விட்டுத் தூரமாக வைக்க வேண்டும் என்றோ சேலம், வேலூர், கடலூர் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சேலம் சிறையில் இறந்த 22 பேரில் பெரும்பகுதி மலபார்க்காரர்கள் என்பதற்குக் காரணம் இதுதான். 1946 டிசம்பர் 30 அன்று காவும்பாயில் நடந்த விவசாயிகள் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிய தளியன் ராமன் நம்பியார், சேலத்தில் தப்பவில்லை. தமிழர்களும் அந்த 22 பேருக்குள் இருந்தார்கள்.

சிறைக்குள் என்ன பிரச்சினை? எங்களைத் திருட்டு, கொள்ளையில் வந்தவர்கள் மாதிரி நடத்தாதீர்கள், அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்பதுதான் அடிப்படைக் கோரிக்கை. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். சாப்பாடு, உடுப்பு, வேலை, அதிகாரி கூப்பிடும் விதம், இதற்கெல்லாமா உயிரை விடுவார்கள் என்று கேட்கத் தோன்றும். சிறைக்குள் ஒரு மனிதனிடம் மிச்சம் இருப்பதே அவ்வளவுதான், அதனால்தான் உலகத்தில் எந்த அரசியல் கைதியின் கதையை எடுத்தாலும் சண்டை கடைசியில் உடுப்பிலும் உணவிலும் வந்து நிற்கிறது. சேலத்தில் அந்த உரசல் முற்றி, தடியடி, பிறகு துப்பாக்கி. பூட்டிய சிறைக்குள் இருப்பவர்கள் எங்கே ஓட முடியும்?

தேதியை இன்னொரு தடவை பாருங்கள். குடியரசு பிறந்தது 1950 ஜனவரி 26, வியாழக்கிழமை. அதிலிருந்து 16ஆவது நாள் இது நடக்கிறது. உயிரையும் உடல் சுதந்திரத்தையும் சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது என்று சொல்லும் 21ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மாகாணம் என்ற பெயர் மாநிலம் என்று மாறியிருந்தது. சிறை விதிகளும் காவலர்களும் கைதியைப் பார்க்கும் பார்வையும் வெள்ளைக்காரன் விட்டுப்போனபடியே இருந்தன. என்னைக் கேட்டால், குடியரசின் முதல் மாதத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது டெல்லி அணிவகுப்பைச் சொல்லிவிட்டுச் சேலத்தைச் சொல்லாமல் விடுவது பாதிப் பாடம்தான். அப்போது சென்னையில் ஆண்டது பி.எஸ். குமாரசாமி ராஜா தலைமையிலான காங்கிரஸ் அரசு, அதுவும் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்களின் கட்சி.

இங்கேதான் நிஜமான சரடு ஒன்று வருகிறது. சேலத்தில் இது நடந்த அதே பிப்ரவரி மாதக் கடைசியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. விசாரணை இல்லாமலே ஒருவரை உள்ளே வைக்கலாம். மார்ச் 1 அன்று, ஏற்கெனவே 1947 டிசம்பரிலிருந்து காவலில் இருந்த கண்ணூர்க்காரர் ஏ.கே. கோபாலனுக்கு அந்தச் சட்டப்படி புது உத்தரவு கொடுத்தார்கள். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதுதான் சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் முதல் வருடத்திலேயே படிக்கும் "ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்" வழக்கு, தீர்ப்பு 1950 மே 19. ஒரே ஒரு உட்பிரிவை மட்டும் நீக்கிவிட்டு மிச்சச் சட்டம் செல்லும் என்றது பெரும்பான்மை. நீதிபதி பசல் அலி மாறாக எழுதினார். அவர் எழுதிய போக்கில் நாடு வந்து சேர 1978 ஜனவரி 25 வரை, மேனகா காந்தி வழக்கு வரை, ஆனது.

நடுவில் நெருக்கடி நிலை. அந்தப் பிரகடனத்தில் 1975 ஜூன் 25 அன்று கையெழுத்துப் போட்ட குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது, பதவியில் இருக்கும்போதே இறந்த தேதி எது தெரியுமா? 1977 பிப்ரவரி 11. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் நம் ஊர் ஆட்கள் உள்ளே போனதும் சென்னை மத்திய சிறையில் அடி வாங்கியதும் அவர் கையெழுத்துக்குப் பிறகு நடந்தவைதான். அவர் இறந்த தேதி பிப்ரவரி 11 ஆனது தற்செயல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விசாரணையில்லாச் சிறை என்ற ஒரே கேள்வி 1950, 1977 இரண்டையும் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தக் கேள்வி இந்தியாவில் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதைத்தான் இரண்டும் காட்டுகின்றன. இதே தேதியில் 1984இல் திகார் சிறையில் காஷ்மீர்ப் பிரிவினைவாதத் தலைவர் மக்பூல் பட் தூக்கிலிடப்பட்டதையும் காஷ்மீரில் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இப்போது மண்டேலா. 1962 ஆகஸ்ட் 5 அன்று பிடிபட்டார், 1964 ஜூன் 12 அன்று ஆயுள் தண்டனை. ராபன் தீவில் 18 வருடம், பிறகு போல்ஸ்மூர், 1988 டிசம்பரிலிருந்து பார்ல் நகருக்குப் பக்கத்தில் விக்டர் வெர்ஸ்டர் சிறை. 1990 பிப்ரவரி 2 அன்று அதிபர் டி கிளர்க் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் மீதான தடையை நீக்கினார். சில நாளில் மண்டேலாவைக் கூப்பிட்டு, உங்களை விடப் போகிறோம் என்றார். மண்டேலா உடனே சரி என்று சொல்லவில்லை. என் குடும்பமும் கட்சியும் தயாராக ஒரு வாரம் வேண்டும், அதுவும் என்னை ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் கொண்டுபோய் விடக் கூடாது, இந்தச் சிறை வாசல் வழியாகத்தான் நடந்து போவேன் என்றார். தேதி அரசு சொன்னபடி நின்றது, வாசல் மண்டேலா கேட்டபடி கிடைத்தது. 27 வருடத்துக்குப் பிறகு, பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல், மனைவி வின்னியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அன்றைக்கே கேப் டவுன் நகர மன்ற மாடத்திலிருந்து பேசினார். தன் கண்ணாடியைச் சிறையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்ததால் வின்னியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார்.

அந்தத் தேதி இப்படி இரண்டு பேர் பேரம் பேசி வந்தது. சேலத்துக்கும் அதற்கும் ஒட்டோ உறவோ கிடையாது. 40 என்ற முழு எண்ணும் தற்செயல்தான். பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தேதிகளுக்கு ஏதோ மந்திர சக்தி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் கண்ணுக்குப் படுகிறது. ராபன் தீவில் கறுப்பினக் கைதிகளுக்கு அரைக்கால் சட்டைதான் கொடுத்தார்கள், ஏனென்றால் அவர்கள் எத்தனை வயதானாலும் "பையன்கள்". அதே வழக்கில் தண்டனை பெற்ற அகமது கத்ராடா இந்திய வம்சாவளி என்பதால் முழுக்கால் சட்டை. சாப்பாட்டு அளவிலும் அதே பாகுபாடு. அதை மாற்ற அவர்கள் வருடக்கணக்கில் மனுப் போட்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், வேலையை மெதுவாகச் செய்தார்கள். சேலத்தில் கேட்டதும் அங்கே கேட்டதும் ஒன்றுதான்: என்னை மனிதனாக, என் அரசியலோடு சேர்த்து, பார். சேலத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் குண்டு பதிலாக வந்தது. ராபன் தீவில் இழுத்து இழுத்து ஒவ்வொன்றாக வென்றார்கள்.

இன்னொரு சின்ன இணைப்பும் இருக்கிறது, இதைப் பிள்ளைகள் விரும்புவார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று முதல் கப்பலில் போய் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்து போனவர்கள். பிற்பாடு அங்கே காந்தியோடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் பிடிபட்டு ராபன் தீவில் 10 வருடம் இருந்தார். அப்படிப் பார்த்தால், மண்டேலா இருந்த அந்தத் தீவுச் சிறையில் நம் பக்கத்துப் பெயர்களும் இருந்தன. இது தற்செயல் இல்லை, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்ததில் தொடங்கிய வரலாறு.

சரி, பிப்ரவரி 11இல் வேறு என்ன? 1979இல் ஈரானில் ராணுவம் நடுநிலை என்று அறிவித்து முகாமுக்குத் திரும்ப, பிரதமர் பக்தியாரின் அரசு விழுந்தது, மன்னராட்சி முடிந்தது. ஷா ஜனவரி 16 அன்றே நாட்டை விட்டுப் போயிருந்தார், கொமேனி பிப்ரவரி 1 அன்று வந்து இறங்கியிருந்தார். 2011இல் எகிப்தில் ஹோஸ்னி முபாரக், 18 நாள் மக்கள் எழுச்சிக்குப் பிறகு, கிட்டத்தட்ட 30 வருட ஆட்சியை விட்டு இறங்கினார். 1945இல் யால்டா மாநாடு முடிந்தது. 1929இல் இத்தாலியும் போப்பும் லேட்டரன் உடன்படிக்கையில் கையெழுத்திட, வத்திக்கான் தனி நாடானது. 1942இல் ஜம்னாலால் பஜாஜ் இறந்தார், 1968இல் ஜனசங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயா முகல்சராயில் இறந்து கிடந்தார். பிறந்தவர்களில் எடிசன், 1847.

பார்த்தவுடன், மன்னர்கள் விழுவதும் சிறைகள் திறப்பதும் இந்தத் தேதியில்தான் என்று சொல்லத் தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதை நம்பாதீர்கள், கணக்கு போட்டுப் பாருங்கள். உலக வரலாற்றில் முக்கியம் என்று ஒருவர் 3,650 நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்தால், சராசரியாக ஒவ்வொரு தேதிக்கும் 10 நிகழ்வு விழும். அந்த 10இல் ஆட்சி மாற்றம் ஒன்றிரண்டு, சிறை ஒன்று, போர் ஒன்று, அறிவியல் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வகுப்பிலேயே இதை நிரூபிக்கலாம்: 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஏதாவது இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு 89 சதவீதம். 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், வருகைப் பதிவேட்டை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தேதி தானாக வராமல் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் தனிக் கதை, எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. ஜப்பானில் பிப்ரவரி 11 தேசிய நிறுவன நாள், அரசு விடுமுறை. முதல் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறியது கி.மு. 660இல், சந்திரக் கணக்குப்படி புத்தாண்டு அன்று என்று பழைய நூல் ஒன்று சொல்கிறது. மெய்ஜி அரசு புது நாட்காட்டிக்கு மாறிய கையோடு அந்தப் புராண நாளை 1873இல் முதலில் ஜனவரி 29 என்று வைத்து, பிறகு பிப்ரவரி 11 என்று மாற்றி நிலைநிறுத்தியது. அதற்குப் பின் 1889இல் மெய்ஜி அரசியல் சட்டத்தை வெளியிட வேண்டி வந்தபோது வேண்டுமென்றே அதே பிப்ரவரி 11ஐப் பிடித்தார்கள்: பழைய பேரரசின் தொடர்ச்சிதான் இந்தப் புதுச் சட்டம் என்று காட்டுவதற்காக. போருக்குப் பிறகு 1948இல் அந்த விடுமுறையை எடுத்தார்கள், 1966இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜப்பானின் முதல் செயற்கைக்கோள் ஓசுமி 1970இல் ஏவப்பட்டதும் இதே தேதி.

நம் நாட்டிலும் இப்படித்தான். 1930 ஜனவரி 26 அன்று நாடு முழுக்கப் பூரண சுயராஜ்ய உறுதிமொழி எடுத்தார்கள், அதனால் 1950இல் குடியரசுக்கு அதே தேதி காத்திருந்தது. அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுத் தயாராக இருந்தும் இரண்டு மாதம் பொறுத்தார்கள். ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்தது 1945இல் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதால். கொரியர்களின் விடுதலை நாளும் அதே ஆகஸ்ட் 15, காரணமும் அதே சரணாகதி. ஆக இந்தியாவும் கொரியாவும் ஒரே நாளைக் கொண்டாடுவதில் தற்செயலுக்கு இடமே இல்லை.

ஏற்காட்டிலோ சேலத்திலோ கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பிப்ரவரி 11 என்றால் லூர்து மாதா திருநாள்தான் முதலில் நினைவுக்கு வரும். 1858இல் பிரான்சின் லூர்து கிராமத்தில் பெர்னதெத் என்ற சிறுமி முதல் காட்சி கண்டதாகச் சொன்ன தேதி. அதைப் பிடித்துக்கொண்டுதான் போப் இரண்டாம் ஜான் பால் உலக நோயாளர் நாளை இதே தேதியில் வைத்தார். 2013இல் போப் பதினாறாம் பெனடிக்ட், வயதும் உடல் தளர்ச்சியும் காரணம் என்று சொல்லிப் பதவி விலகலை அறிவித்ததும் ஒரு பிப்ரவரி 11 அன்று.

அப்புறம், "ஒரே நாள்" என்பதே யாருடைய நாட்காட்டியில் என்ற கேள்வி. தத்துவ அறிஞர் தெகார்த் 1650 பிப்ரவரி 11 அன்று ஸ்டாக்ஹோமில் இறந்தார் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் அப்போது சுவீடன் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அவர் இறந்த ஊரில் சுவரில் பார்த்தால் அன்றைக்குப் பிப்ரவரி 1. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது, செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று. அதனால்தான் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேசும் 1616 ஏப்ரல் 23 என்று ஒரே தேதியில் சேர்த்துச் சொல்லப்பட்டாலும், இருவர் மறைவுக்கும் நடுவே பத்து நாளுக்கு மேல் இடைவெளி. ஈரானில் அந்தப் புரட்சி நாளைப் பிப்ரவரி 11 என்று கொண்டாடுவதே இல்லை, அவர்களுக்கு அது பஹ்மன் மாதம் 22; சில வருடங்களில் அது நம் பிப்ரவரி 10 அன்று வந்துவிடும், 2025இல் அப்படித்தான் வந்தது.

நமக்கு இது புதிதா என்ன? ராஜராஜனுக்குத் தஞ்சையில் ஐப்பசி சதயத்தில் விழா எடுக்கிறோம், ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். வீட்டில் திவசம் திதி பார்த்துத்தான். 1950 பிப்ரவரி 11 நம் கணக்கில் விரோதி வருடம், தை மாதம் முடியும் தறுவாய். இறந்த 22 பேரின் வீடுகளில் மலையாள மாதத்தையும் நட்சத்திரத்தையும் வைத்து நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். கட்சி நினைவுநாள்தான் பிப்ரவரி 11 என்று நின்றது. ஒவ்வொரு வருடமும் சேலத்திலும் கண்ணூர்ப் பக்கத்திலும் அன்றைக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. கேரளத்தில் இது பரவலாகத் தெரிந்த நாள். நடந்த ஊரான சேலத்தில் கட்சிக்காரர்களைத் தாண்டி அதிகம் போகவில்லை, அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. எந்தக் கட்சிக்காரர்கள் என்று பார்த்து நினைவு வைக்கிற விஷயம் இல்லை இது. அரசின் காவலில், பூட்டுக்குள் இருந்தவர்கள். அவர்களைப் பாதுகாக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும்போது என் யோசனை: பத்து நிகழ்வு வேண்டாம், இரண்டு போதும். "1950 பிப்ரவரி 11: சேலம் மத்திய சிறையில் அரசியல் கைதிகளாக நடத்தக் கோரிய கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். 1990 பிப்ரவரி 11: தென்னாப்பிரிக்காவில் 27 ஆண்டு சிறைக்குப் பின் நெல்சன் மண்டேலா விடுதலை." வாசிக்க அரை நிமிடம் ஆகாது. மதிய இடைவேளையில் யாராவது ஒரு பிள்ளை வந்து, சார், நம்ம ஜெயிலா என்று கேட்கும். அங்கிருந்து மேலே சொல்லிக்கொள்ளலாம்.

சேலம் சார்ந்த வேறு தேதிகள் வேண்டுமென்றால் இருக்கின்றன. 1934 ஆகஸ்ட் 21, மேட்டூர் அணை திறப்பு. அதே தேதியில் 1968இல் சோவியத் படைகள் பிராகா நகருக்குள் இருந்தன. 1944 ஆகஸ்ட் 27, சேலம் மாநாட்டில் அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி நீதிக்கட்சி, வெள்ளையர் கொடுத்த பட்டங்களை உதறிவிட்டுத் திராவிடர் கழகம் ஆனது; அதே தேதியில் 1883இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தது, 1908இல் டான் பிராட்மன் பிறந்தார். இவற்றில் எதற்கும் எதற்கும் தொடர்பு தேட வேண்டாம், வெறும் தற்செயல்.

ஆனால் அக்டோபர் 1ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில் ஒரு ஆள் இரண்டு இடத்தில் நிற்கிறார். ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். 1937இல் மாகாண முதல்வரானதும் மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மாவட்டம் சேலம். தொடங்கியது 1937 அக்டோபர் 1, காந்தி பிறந்தநாளுக்கு முதல் நாள். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று அது விரிய, சாராய வருமானம் போன குழியை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இன்றைக்குக் கடையில் கட்டுகிற வரிக்கு ஒரு முன்னோடி, நம் மாவட்டத்தில் கள்ளுக்கடை மூடியதன் தொடர்ச்சியாக வந்தது. அதே ராஜாஜி 1953 அக்டோபர் 1 அன்று மறுபடியும் சென்னையின் முதலமைச்சராக இருந்தார். அன்றைக்குத்தான் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் விட்டதன் பலனாக ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தது, மதுவிலக்கின் அடுத்த கட்டங்களைப் பார்த்த சித்தூரும் கடப்பையும் அதோடு போயின. அக்டோபர் 1 நிதியாண்டின் இரண்டாம் பாதி தொடங்கும் நாள், கணக்கு வழக்கைப் பிரிக்க அரசுகளுக்கு வசதியான தேதி. அதனால் இந்த ஒற்றுமையைப் பாதித் தற்செயல் என்றுதான் சொல்வேன். என்ன, அந்தத் தேதி பல வருடங்களில் காலாண்டு விடுமுறைக்குள் வந்துவிடும், அதனால் தேர்வு முடியும் கடைசி நாள் கூட்டத்திலேயே வாசிக்கக் கொடுத்துவிடுங்கள்.